வயருக்கும் அளவு உண்டு!

சேலை எடுக்கப் போனால் வெளிச்சத்தில் பிடித்து நூலைப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. பருப்பு வாங்கினால் கையால் அளைந்து கல் தேடுகிறோம். வீட்டுக்கு வயர் வாங்குவது என்றால் மட்டும், "அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்" என்று அடுப்படிக்குள் போய்விடுகிறோம். அந்த வயர் ஓடுவதோ, நம் குழந்தை படுத்திருக்கும் கட்டிலை ஒட்டிய சுவரில்!

நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால், என் அப்பா வயர்மேன். வயல்காட்டு ஊர் என்பதால் கரண்ட்டைக்கூடத் தண்ணீரை வைத்துத்தான் சொல்லித் தருவார். "சின்ன வாய்க்கால்ல பெரிய மதகுத் தண்ணியைத் திறந்துவிட்டா கரை உடையும். வயர் அப்படி உடையாது, சூடேறும். மேலுறை இளகும். அப்புறம் தீதான்" என்பார்.

அந்தப் பாடம் எனக்குக் கைகொடுத்தது கஜா புயல் சமயத்தில். 2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த அந்தப் புயல், மன்னார்குடியில் எங்கள் தெருக் கம்பங்களையும் சாய்த்துவிட்டது. பல நாள் கரண்ட் இல்லை. விளக்கில்லாமல் இருந்துவிடலாம், தண்ணீர் இல்லாமல்? நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம்.

ஜெனரேட்டரோடு வந்த தம்பி, கல்யாணப் பந்தலில் பல்பு போட இழுக்கும் மெல்லிய வயரைத் தெருவிலிருந்து எங்கள் கொல்லை மோட்டார் வரை இழுத்தார். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் 'உம்'மென்று முனகியதே தவிர, சுற்றவில்லை.

"ஜெனரேட்டருக்கு சக்தி பத்தலைக்கா."

"முதல்ல நிறுத்துங்க தம்பி, மோட்டார் காயில் போயிடும். இது என்ன வயர்?"

"ஒரு ஸ்கொயர் எம்.எம். தாங்க்கா."

தூரம் 30 மீட்டர். கரண்ட் போகவும் வரவுமாக 60 மீட்டர் செம்பு. அந்த நீளத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயரின் தடை சுமார் ஒரு ஓம். 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால், கிளம்பும் நொடியில் 30 ஆம்பியர்கூட இழுக்கும். அந்த நொடியில் 30 வோல்ட்டை வயரே தின்றுவிட்டால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? 2.5 வயராக இருந்தால் 13 வோல்ட்டோடு போகும். தம்பி முகத்தைச் சுளித்தாலும், போய் எர்த் கம்பியோடு கூடிய ரெண்டரை ஸ்கொயர் எம்.எம். கேபிள் கொண்டுவந்தார். அதே ஜெனரேட்டர், அதே மோட்டார்! அன்று நாலு வீட்டுத் தொட்டியும் நிரம்பியது.

இந்தக் கணக்கு நமக்கு வராதா என்ன? பால் கணக்கைவிட எளிது. சாமானில் போட்டிருக்கும் வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 750 வாட்ஸ் மிக்ஸிக்கு மூன்றேகால். 1000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டிக்கு நாலேகால். 2000 வாட்ஸ் கீசருக்கு ஏறக்குறைய 9.

விளக்கு, ஃபேனுக்கு 1.5, கீசர் போன்றவற்றின் பவர் பிளக்குக்கு 2.5-க்குக் குறையாமல், ஒன்றரை டன் ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். இந்த எண் வயரின் விட்டம் அல்ல, உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு. தூரம் கூடினால் அடுத்த பெரிய அளவுக்குப் போக வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து வரும் கேபிள் மட்டும் ஏன் விரல் தடிமன் தெரியுமா? அங்கே இருப்பது 12 வோல்ட்தான். 600 வாட்ஸ் கொடுக்க 50 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும்!

எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், "பெரிசா ஒண்ணு மாட்டிடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அது காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் வயரை. 1.5 வயருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16 என்று இருக்கட்டும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் பெரிய சாமானை ஓட்டாதீர்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை. முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

ஜெனரேட்டர் வைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. அதை வீட்டுக்குள்ளோ, ஜன்னல் ஓரத்திலோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு பிளக்கில் சொருகி கரண்ட் ஏற்றவும் கூடாது. அது வெளிக்கம்பியில் ஏறினால், நமக்காகக் கம்பத்தில் நிற்கும் லைன்மேனின் உயிருக்கு ஆபத்து. அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை அல்லவா?

வயர் வேலையை நாம் செய்ய வேண்டாம். அதற்கு உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால், கேள்வி கேட்பது நம் வேலை. எத்தனை ஆம்பியர்? எத்தனை மீட்டர்? எத்தனை ஸ்கொயர் எம்.எம்.? ஒரு டம்ளர் காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், பதில் தானே வரும்!