வாடகை மண்

வாடகை வீட்டில் குடியிருப்பவன் மரம் வைக்கக் கூடாது என்பார்கள். நான் வைத்தேன்.

விருத்தாசலத்தில், செராமிக் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் நாலு வருஷம் குடியிருந்தேன். கொல்லையெல்லாம் செம்மண். மழை பெய்தால் ஈரம் தங்காது. வெயில் அடித்தால் ஓடாக இறுகிவிடும். அதில் ஒரு கொய்யாப் பதியனை நட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். அது சித்திரையைத் தாண்டவில்லை.

அடுத்த வீட்டு ஆயா, பேட்டையில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டியவள். பட்டுப்போன கன்றை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தாள்.

"மண்ணுக்குச் சோறு போடாம, மரத்துக்குத் தண்ணி ஊத்தினா எப்படித் தம்பி?"

அவள் சொன்னபடி ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டினேன். உள்ளே ஒரு பொம்மைத் தலையும் இரண்டு கோப்பைக் காதுகளும் கிடைத்தன. நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண் இந்த ஊர்ச் சூளைகளுக்கு வருகிறது. ஏறக்குறைய 600 டிகிரி சூட்டைக் கடந்துவிட்டால், களிமண் பிறகு எத்தனை மழையிலும் குழையாது. "வெந்த மண்ணு; எடுத்து எறி" என்றாள் ஆயா.

மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 1 கிலோ, ஏரி வண்டல் இரண்டு கூடை கலந்து குழியை நிரப்பினேன். பச்சைச் சாணம் கூடாது. மக்கும்போது கிளம்பும் சூடு வேரைக் கெடுக்கும். முந்திரிச் சருகையும் மல்லாட்டைத் தோலையும் மேலே மூடாக்காகப் பரப்பினேன். மக்காத தோலை மண்ணுக்குள் புதைத்தால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தைத் தின்றுவிடும். இதை மட்டும் புத்தகத்தில் படித்தேன். ஆயா படிக்காமலே அறிந்திருந்தாள்.

மறு வருஷம் சருகை விலக்கினால் மண்புழு! கட்டியாக இருந்த மண் விரலில் உதிர்ந்தது. நாலாம் வருஷம் கொய்யா பூத்தது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரர் வந்தார். மகள் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறாளாம்; ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அவர்மேல் தப்பில்லை. ஆனாலும் எனக்கு ஆற்றாமை. போகிறவனுக்கு எரு எதற்கு என்று கொல்லைப் பக்கமே போகவில்லை.

ஆயா வழக்கம்போல வேலிமேல் எருக்கூடையை வைத்தாள். நான் காலி செய்வது அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கமாக இருந்தது. இறங்கிப்போய் மரத்தைச் சுற்றிப் பரப்பினேன். கிளம்பும்போது ஏழு பிஞ்சுகள்.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போக நேர்ந்தது. கொல்லையில் ஒரு சிறுமி, பாதி கடித்த கொய்யாவோடு நின்றாள்.

"யார் வெச்ச மரம் பாப்பா?"

"எங்க தாத்தா!"

மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அவள் காலடியில் மண் கறுத்து, ஈரமாக இருந்தது.

"ஆடி மாசம் எரு போடணும்னு தாத்தாகிட்டே சொல்லு" என்றேன்.