புரியாதவன் சொல்லும் கதை

கதை எழுதப் பழக வந்த எனக்கு அண்ணாச்சி கொடுத்த முதல் பாடப் புத்தகம் ஓர் அறிவியல் புனைகதை. டேனியல் கீஸ் எழுதிய 'ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்'. சிற்றிதழுக்கு வரும் கதைகளைத் திருத்தியே தலை நரைத்தவர் அண்ணாச்சி. "கதைக்காகப் படிக்காத தம்பி. கதை சொல்றவனுக்கு எது தெரியும், உனக்கு எது தெரியும்னு ஓரத்துல குறிச்சுக்கிட்டே வா" என்றார்.

1959-ல் சிறுகதையாக வந்து ஹியூகோ விருது பெற்று, 1966-ல் நாவலாக விரிந்தது இது. 32 வயது சார்லி கார்டன் நியூயார்க்கில் ஒரு பேக்கரியில் எடுபிடி. அறிவு வளர்ச்சி குன்றியவன். ஆபரேஷன் செய்து அவனை அறிவாளியாக்கப் பார்க்கிறார்கள். அல்ஜெர்னான் என்ற சுண்டெலிக்கு ஏற்கெனவே அதே ஆபரேஷன் நடந்திருக்கிறது. விஞ்ஞானம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் மார்ச் முதல் நவம்பர் வரை சார்லி தன் கைப்பட எழுதும் குறிப்புகள்.

ஆரம்பத்தில் எழுத்துக்கு எழுத்து பிழை. பேக்கரி ஆட்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைச் சிநேகம் என்றே எழுதுகிறான். யாராவது முட்டாள்தனம் செய்தால் சார்லியின் பெயரைச் சொல்லிக் கிண்டலடிப்பார்கள். காரணம் புரியாமல் அவனும் சேர்ந்து சிரிப்பான். ஓரக் குறிப்பில் என் பக்கம் நிறைந்துகொண்டே போனது, அவன் பக்கம் காலி. ஆபரேஷனுக்குப் பிறகு கால்புள்ளி கற்றுக்கொள்கிறான். அன்றைய குறிப்பில் சொல்லுக்குச் சொல் கால்புள்ளி. மற்ற குறிகளும் தெரிந்ததும் எல்லாவற்றையும் வாரி இறைக்கிறான். அப்புறம் வாக்கியங்கள் தாமாகவே நேராகின்றன. 'சார்லிக்கு அறிவு வந்துவிட்டது' என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் பலமுறை திரும்பிப் படித்தது ஹோட்டல் காட்சி. தட்டு கழுவும் பையன் ஒருவன் தட்டுகளைப் போட்டு உடைக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், சார்லியும் சிரித்துவிடுகிறான். அடுத்த நொடி அந்தப் பையனிடம் தன்னையே பார்த்துவிட்டுக் கூட்டத்தை நோக்கிக் கத்துகிறான். அந்த இடத்தில் என் குறிப்பும் அவன் குறிப்பும் ஒன்றாகிவிட்டன. அதன்பின் அவன் என்னைத் தாண்டிப் போனான், தன்னை ஆராய்ந்த பேராசிரியர்களையும் தாண்டினான். பிறகு சரிவு. சுண்டெலிக்கு நேர்வது தனக்கும் நேரும் என்பதை அவனே ஆராய்ந்து கண்டுபிடிக்கிறான்.

கடைசிப் பக்கங்களில் பழைய பிழைகள் திரும்பி வருகின்றன. முதலில் என்னைப் புன்னகைக்க வைத்தவை அதே பிழைகள்தான். இப்போது படிக்க முடியவில்லை. சார்லி அறிவோடே இருந்து, ஆசிரியை ஆலிஸைக் கட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டாராம். கீஸ் மறுத்துவிட்டார். மறுக்காமல் இருந்திருந்தால் முதல் பக்கத்துப் பிழைகள் வெறும் வேடிக்கையாகவே நின்றிருக்கும். ஒரு மனிதன் தனக்கு அறிவு வருவதையும் போவதையும் சில மாதங்களுக்குள் தானே எழுதிவைக்க வேண்டுமானால், நடப்பு வாழ்க்கைக் கதையில் அதற்கு வழியில்லை. கீஸுக்கு விஞ்ஞானம் தேவைப்பட்டது அதற்குத்தான்.

நடந்தது புரியாத ஒருவன் வாயால் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார் அண்ணாச்சி. பலசரக்குக் கடைப் பையனை எழுதினேன். "நைட்டு கடை சாத்துனதும் மொதலாளி என் சட்டைப் பையெல்லாம் தடவிப் பாத்துட்டுத்தான் அனுப்புவாரு. மத்தவங்களை அப்படித் தொட்டுப் பேசமாட்டாரு. எம்மேல அம்புட்டு பாசம்."

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி. இவனுக்கு எப்ப தெரியும்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. நாலாம் பக்கத்தில், புதிதாகச் சேர்ந்த ஒருவனையும் முதலாளி அப்படியே தடவுவதைப் பார்க்கும்போது தெரியட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். தெரிந்த பிறகும் மறுநாள் காலை அவன்தான் போய் ஷட்டரைத் தூக்க வேண்டும். அப்போது முதலாளியிடம் என்ன பேசுவான், எப்படிப் பேசுவான் என்பதைத்தான் இப்போது எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.