ஹெல்மெட்டுக்குள் புகுந்த போர்

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரம் புதைத்து வைத்த குண்டுகள்தான் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பெரிய எமனாக இருந்தன. குண்டு வெடித்துப் பறக்கும் இரும்புத் துண்டுகளை ஹெல்மெட் ஓரளவு தடுத்துவிடும். ஆனால் வெடிப்பில் கிளம்பும் அழுத்த அலையை? அது மண்டை ஓட்டையும் தாண்டி மூளையைப் பாதிக்கக் கூடியது. சிப்பாய் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து மறுநாளே ரோந்துக்குப் போவார். சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது!

ஊர் திரும்பிய பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கும். கடைக்குப் போனால் எதை வாங்க வந்தோம் என்று நினைவிருக்காது. ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் முதல் பத்தி மறந்து போகும். மனைவி இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் எரிச்சல் வரும். பார்ப்பவர்களுக்கோ, "ஆள் நல்லாத்தானே இருக்கார், சோம்பேறித்தனம்" என்று தோன்றும்.

இது மூளைக் காயமா, போர் தந்த மன அதிர்ச்சியா? பிரித்துச் சொல்வது டாக்டர்களுக்கே கஷ்டம். மன அதிர்ச்சி நோய் (பி.டி.எஸ்.டி.) உள்ளவரின் மூளை எந்நேரமும் ஆபத்தைத் தேடிக் கொண்டே இருக்கிறது. ஹோட்டலில் கூட சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். கவனமெல்லாம் வாசலில் இருந்தால் எதிரே இருப்பவர் பேசியது எப்படி மனதில் தங்கும்? தூக்கமும் கெட்டுப் போயிருக்கும். பலருக்கு இரண்டுமே சேர்ந்து இருப்பதுதான் இன்னும் சிக்கல். அந்த இரு போர்களுக்கும் சென்ற சுமார் 16 லட்சம் பேரில் 3.2 லட்சம் பேருக்கு மூளைக் காயம் ஏற்பட்டிருக்கலாம் என்று 2008ல் ராண்ட் நிறுவனம் கணக்கிட்டது. மன அதிர்ச்சியோ மனச்சோர்வோ உள்ளவர்கள் சுமார் 3 லட்சம்.

மறதி ஒன்றுதான், மரியாதை மட்டும் வேறு. போரில் காயம்பட்டவர்களுக்கு அமெரிக்கா தரும் பதக்கம் பர்ப்பிள் ஹார்ட். மன அதிர்ச்சிக்கு அது கிடையாது என்று 2009ல் பென்டகன் சொல்லிவிட்டது. எதிரியின் குண்டால் ஏற்பட்ட லேசான மூளைக் காயத்துக்கு எப்போது தரலாம் என்று 2011ல் விதிகளைத் தெளிவாக்கினார்கள்.

இது பழைய சண்டை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் 'ஷெல் ஷாக்' வந்தவர்களை இரண்டாகப் பிரித்தது. பக்கத்தில் குண்டு விழுந்து பாதிக்கப்பட்டவருக்கு 'டபிள்யூ', அதாவது காயம்பட்டவர். சட்டைக் கையில் காயப்பட்டை குத்திக் கொள்ளலாம். மற்றவருக்கு 'எஸ்', வெறும் நோயாளி. பட்டை கிடையாது. இருட்டில் இருவரும் ஒரே மாதிரிதான் அலறினார்கள்!

இப்போது சிகிச்சையின் போது குறிப்பு நோட்டு, செல்போன் அலாரம் என்று பழக்குகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஞாபக மறதிக்காக வந்தவரிடமே, "அடுத்த மாசம் மறக்காம வாங்க" என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்பினால் எப்படி? அவர் வரவில்லை என்றால், ஒத்துழைக்காத நோயாளி என்று ஃபைலில் எழுதிவிடுவது ரொம்ப சுலபம்...