கண்வலிக்கிழங்கு

ஐப்பசி மழை ரெண்டு விழுந்தா போதும், உத்தமபாளையத்துல இருந்து கோம்பைப் பக்கம் போற வழியில, கிளுவை வேலி மேல செவப்பா நெருப்பு பத்தின மாதிரி ஒரு கொடி பூத்து நிக்கும். பாடப்புத்தகத்துல செங்காந்தள், தமிழ்நாட்டோட மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டுல வரிசையாச் சொல்ற பூக்கள்ல முதல் பூ. ஈழத்துக்காரங்களுக்குக் கார்த்திகைப்பூ. எங்க பக்கத்துல இந்தப் பெருமை எதுவும் கிடையாதுங்க. வெறும் கண்வலிக்கிழங்கு. உத்துப் பார்த்தா கண் வலிக்குமாம்!

இதுக்குத் தனியாப் பத்துக்கம்பி கிடையாது. இலையோட நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடிச்சுக்கும். பூ முதல்ல பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் செவப்பு. கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சு இருக்கறதால கலப்பைக்கிழங்குன்னும் பேரு.

அழகுக்குள்ள விஷம். கொடி முழுக்கக் கோல்ச்சிசின் இருக்கு. வள்ளிக்கிழங்குன்னு நினைச்சு அவிச்சுத் தின்னவங்க உண்டு. தெரிஞ்சே தின்னவங்களும் உண்டு, அது நம்ம கிராமங்களோட சோகம். அவிச்சாலும் விஷம் போகாது, தனியா மாத்துமருந்தும் கிடையாது. வாந்தி பேதின்னு ஆரம்பிக்கறப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அப்பத்தா இதைக் கண்ட இடத்துல மண்வெட்டியால தோண்டி எறியும். ஆடு மாடும் பிள்ளைகளும் நடமாடற இடமாச்சே.

அந்த அப்பத்தாவோட மகன், எங்க அப்பா, கால் பெருவிரல் வீங்கித் துடிச்சப்ப டாக்டர் எழுதிக் கொடுத்தது எது தெரியுமா? கோல்ச்சிசின் மாத்திரை! யூரிக் அமிலத்தால வர்ற மூட்டுவலிக்கு இதுதான் பழைய மருந்து. அளவு மீறினா அதே விஷம்தான்.

இந்த மருந்துக்காகத்தான் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் பந்தல் போட்டு இதையே வெள்ளாமை பண்றாங்க. காசு விதையில. சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகி ஒருபக்கமா வளைஞ்சு நிக்கறதால, காலையில ஆள் வச்சுப் பூப்பூவாத் தொட்டு மகரந்தம் சேர்க்கறாங்க.

எங்க பக்கம் இப்ப ஜேசிபி வச்சுக் கிளுவை வேலியைப் பிடுங்கிட்டுக் கம்பிவேலி போடறாங்க. வேலியோட கிழங்கும் போயிடுது. அப்பத்தா மண்வெட்டிக்குத் தப்பிச்சது இதுக்குத் தப்பாது போல.

வீட்டுல வளர்க்கச் சொல்லலைங்க. ஆள் புழங்காத வேலி மூலையில இருந்தா விட்டுடலாம். பிள்ளைகளுக்குக் காட்டி, "பாரு, வாயில வைக்காத"ன்னு சொல்லிக் கொடுக்கலாம். ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

அது சரி, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?