மழையூரில் ஒரு மர மாளிகை

குடையில்லாமல் வெளியே கால் வைக்க முடியாத ஊர் பெர்கன். நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் அந்த நகரத்தில் ஆண்டுக்கு 200 நாள்களுக்கு மேல் மழை. அளவும் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஆனாலும் அங்கே காலங்காலமாக வீடு கட்டியது மரத்தால்தான். மழைக்குத் தப்பிய மரம் தீக்குத் தப்புவதில்லை. 1702இல் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. 1916இல் நகரின் நடுப்பகுதி மறுபடியும் சாம்பலானது. இதைத் தெரிந்துகொண்டு போனதால்தான் டாம்ஸ்கோர் என்ற மர மாளிகையின் முன் என்னால் சட்டென்று நகர முடியவில்லை.

நகரின் மையத்திலிருந்து கடற்கழியைப் பாலத்தில் கடந்தால் லாக்செவோக் பகுதி. மலையடிவாரத்தில், கடலைப் பார்த்தபடி அந்த வெள்ளை முகப்பு நிற்கிறது. தூரத்திலிருந்து சுண்ணாம்பு பூசிய கல் கட்டடம் என்றே சொல்லத் தோன்றும். வளைந்து எழும் நெற்றி, இருபுறமும் சமமாக விரியும் அமைப்பு, 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரண்மனைகளில் கோலோச்சிய ரொக்கோகோ பாணி. அருகே போய்ப் பார்த்தால் எல்லாம் பலகை. சன்னலோரம் ஒரு பலகையின் விளிம்பில் வண்ணம் ஏடு ஏடாகப் படிந்திருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை கைகள் பூசியிருக்கும்! மழைத்துளி அதன்மேல் நிற்காமல் வழிந்து ஓடியது.

1770களில் மாளிகைக்கு இந்த உருவத்தைக் கொடுத்தவர் யோகிம் கிறிஸ்தியான் கில்டன்கிரான்ட்ஸ். டென்மார்க்கும் நார்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்த காலத்தில் படைத்துறையில் பெரிய பொறுப்பு வகித்தவர். பிரபுப் பட்டமும் பெற்றவர். பெர்கனின் செல்வந்தர்கள் கோடையைக் கழிக்க ஊருக்கு வெளியே தோட்ட மாளிகை வைத்துக்கொள்வது அன்றைய வழக்கம். இதுவும் அப்படி ஒன்று. கில்டன்கிரான்ட்ஸ் இறந்தபின் யான்சன் என்ற வணிகக் குடும்பம் இதை வாங்கியது. 1983இல் ஓர் அருங்காட்சியகத்தின் கைக்கு வரும்வரை, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அவர்களிடமே இருந்தது. விரிவான சீரமைப்புக்குப் பின் 1993இல் மக்களுக்குத் திறந்தார்கள்.

அந்த இரண்டு நூற்றாண்டுகளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கல்லைக் கவனிக்காமல் விட்டாலும் அது கொஞ்ச காலம் தாங்கும். மரம் அப்படியல்ல. ஓர் ஓடு நகர்ந்தால் நீர் இறங்கும், உத்தரம் உளுத்துவிடும். ஆகவே இந்த வீடு நிற்கிறதென்றால், தலைமுறை தலைமுறையாக யாரோ ஏணி வைத்து ஏறிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கட்டியவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. தூரிகை பிடித்தவர்கள் பெயர் இல்லை. எனக்கு அவர்களைத்தான் கும்பிடத் தோன்றியது.

இரண்டாம் உலகப் போரும் இந்தப் பக்கம் வந்தது. லாக்செவோக்கில் ஜெர்மானியர் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல் தளத்தைக் குறிவைத்து 1944 அக்டோபர் 4 அன்று நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசின. ஒரு பள்ளிக்கூடத்தின் மேலும் குண்டு விழுந்தது. மாண்ட பொதுமக்களில் பிள்ளைகள் பலர். அதே பகுதியில் இந்தப் பலகை வீடு பிழைத்து நின்றது.

தோட்டம் தனி உலகம். வீட்டுக்கு ஒரு பக்கம் பிரபுவின் தோட்டம், மறுபக்கம் சீமாட்டியின் தோட்டம். நேர்கோட்டுப் பாதைகள், சிலைகள், சிறு குளங்கள். பின்னால் மலையில் காடு தன்போக்கில் அடர்ந்திருக்க, இங்கே ஒவ்வொரு செடியும் அளந்து வைத்ததுபோல் நிற்கிறது. தோட்டத்தையும் 18ஆம் நூற்றாண்டு நிலைக்கே மீட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே புழங்கிய செடி வகைகளையே நட்டிருக்கிறார்கள். பளீரென்ற புதுக் கலப்பினப் பூக்களை வைத்துக் கூட்டத்தை இழுத்திருக்கலாம். அதைச் செய்யாமல் விட்டதை நான் மனதாரப் பாராட்டுவேன். பூக்கள் சிறியவை, நிறமும் அடக்கம். ஆனால் குனிந்து முகர்ந்தால் வாசனை தாராளம்.

பெர்கனுக்கு வருபவர்கள் துறைமுகத்தின் பிரிக்கன் மரவீடுகளைப் படமெடுத்து, மலை ரயிலில் ஏறி இறங்கி, கப்பலைப் பிடித்துவிடுகிறார்கள். அரைநாள் கூடுதலாக ஒதுக்க முடிந்தால் பாலத்தைக் கடந்து இங்கே வாருங்கள். வருவதானால், தோட்டம் பூத்திருக்கும் கோடையில் வாருங்கள்.