ஹோவர்டு தெருவின் குழந்தை வைத்தியர்

மே 6

இன்று ஏபிரகாம் ஜாக்கோபியின் ஜன்ம தினம். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாப் பிரதேசத்தில், மிண்டன் நகருக்கு அருகேயுள்ள ஹார்ட்டும் என்னும் சிற்றூரில், 1830-ஆம் ஆண்டு இதே நாளில், வசதி குறைந்த ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், அந்நியராக நியூயார்க் நகரம் வந்து, அந்நகரத்துக் குழந்தைகளின் வைத்தியராக அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, அமெரிக்கக் குழந்தை மருத்துவத்தின் தந்தை என்னும் பெயரையும் பெற்றார். நான் மகள் வீட்டில் தங்கியிருக்கும் இந்த பிராங்க்ஸ் பகுதியில், பெல்ஹாம் பார்க்வே அருகே, அவர் பெயர் தாங்கிய பெரிய பொது மருத்துவமனை ஒன்று இருக்கிறது. என் மகளும் குழந்தை டாக்டர். கடல் கடந்து வந்து அந்நியர் வீட்டுப் பிள்ளைகளின் நாடி பார்ப்பவள். அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நேற்றிரவு சொன்னபோது அவள், "எழுதுங்கப்பா. ஆனா ஆஸ்பத்திரிப் பேரோட நிறுத்திடாதீங்க. அவர் பாலைப் பத்திப் பேசினதை எழுதுங்க" என்றாள். குழந்தைகளுக்குப் பாலைக் காய்ச்சிக் கொடுங்கள் என்று ஆயுள் முழுதும் மன்றாடிய ஒரு மனிதரை அதைவிடச் சுருக்கமாக அறிமுகம் செய்ய முடியாது.

மே 9

அவருடைய இளமையை நூல்நிலையத்தில் படித்தேன். கிரைஃப்ஸ்வால்ட், கோட்டிங்கன், பான் ஆகிய மூன்று சர்வகலாசாலைகளில் பயின்று, 1851-இல் வைத்தியப் பட்டம் பெற்ற கையோடு, மேற்கொண்டு பரீட்சை எழுதும் பொருட்டு பெர்லின் சென்ற அந்த இளைஞரை, 1848-ஆம் ஆண்டுப் புரட்சியில் அவர் கொண்டிருந்த பற்றுக்காகப் போலீஸார் கைது செய்தனர். 1852-இல் கொலோன் நகரில் கம்யூனிஸ்டுகள் மீது நடந்த புகழ்பெற்ற ராஜத்துரோக வழக்கில் அவரும் ஒரு பிரதிவாதி. அக்குற்றத்தினின்று விடுதலை பெற்றும், அரசரை அவமதித்ததாக வேறொரு குற்றம் சாட்டப்பட்டு மீண்டும் சிறையில் அடைபட்டார். 1853-இல் வெளியே வந்ததும் தேசத்தை விட்டே வெளியேறினார். இங்கிலாந்தில் கார்ல் மார்க்ஸையும் எங்கெல்ஸையும் சந்தித்துவிட்டு, அவ்வாண்டிலேயே நியூயார்க் வந்து சேர்ந்தார். அப்போது வயது இருபத்து மூன்று.

அவருடைய சரித்திரத்தை எழுதுவோர் புரட்சிக்காரர் வேறு, வைத்தியர் வேறு என்பது போல் இவ்விடத்தில் ஓர் அத்தியாயத்தை முடித்து மற்றொன்றைத் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஏழையின் துன்பத்துக்கு விதியன்று, மனிதர் அமைத்த ஏற்பாடுகளே காரணம் என்று சிறையில் நம்பியவர், ஏழைக் குழந்தையின் கட்டிலருகே அமர்ந்தபோதும் அதையே நம்பினார் என்பது, அவருடைய பிற்கால வாழ்க்கையைப் படிக்கப் படிக்கத் தெளிவாகிறது.

மே 17

மகளுக்கு ஓய்வு நாளாதலால் இருவருமாக மன்ஹாட்டன் சென்றோம். கெனால் தெருவுக்குச் சற்று வடக்கே ஒதுங்கிக் கிடக்கும் ஹோவர்டு தெருவில்தான் ஜாக்கோபி தம் வைத்தியசாலையைத் தொடங்கினார். அங்கே வந்து பார்ப்பவரிடம் இருபத்தைந்து சென்ட், வீடு தேடிப் போனால் ஐம்பது சென்ட் என்பது அவருடைய கட்டணம். இன்று அத்தெருவில் துணிக்கடைகளும் சாமான் ஏற்றிய வண்டிகளுமாக இருக்கின்றன. ஆயினும் அதில் நடந்து செல்கையில், தாய்மொழியன்றி வேறொன்றும் பேச வராத ஜெர்மானியத் தாய்மார்கள், ஜுரத்தில் துவண்ட பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தங்கள் பாஷையிலேயே "எப்போதிலிருந்து?" என்று கேட்கும் ஒரு வைத்தியரைத் தேடி இவ்வழியே வந்திருப்பார்கள் என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை. நோயுற்ற பிள்ளையோடு அந்நிய தேசத்தில் நிற்கும் தாய்க்கு, தான் சொல்வதை ஒருவர் புரிந்துகொள்கிறார் என்பதே மருந்தின் முதல் வேளை.

அங்கிருந்து இரண்டாம் அவென்யூ சென்றோம். ஏழைகளுக்கு இலவச சிகிச்சை அளிப்பதற்காக ஜாக்கோபியும் பிற ஜெர்மானிய வைத்தியர்களும் 1857-இல் தொடங்கிய ஜெர்மன் மருந்தகத்துக்கு 1884-இல் எழுந்த செங்கல் கட்டடம் இன்னும் அங்கே இருக்கிறது. ஹிப்பாக்கிரட்டீஸ், காலன், ஹார்வி முதலானோரின் தலையுருவங்களைச் சுடுமண்ணில் செய்து முகப்பில் பதித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அதே காலத்து நூல்நிலையம். இலவசப் புத்தகசாலை, வாசகசாலை என்று ஜெர்மன் மொழியில் பொறித்த எழுத்துக்கள் இன்றும் அதன் நெற்றியில் உள்ளன. பிழைக்க வந்த ஒரு ஜனசமூகம், மருந்தையும் புத்தகத்தையும் ஒரே சுவரின் இருபுறமும் வைத்துக்கொண்டதைக் கண்டு மனம் நெகிழ்ந்தது.

மே 18

பால் விஷயத்தை எழுத வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் இந்நகரத்தில், சாராய ஆலைகளை ஒட்டிய இருட்டுக் கொட்டில்களில் மாடுகளைக் கட்டி, ஆலைக் கழிவையே தீனியாக ஊட்டிக் கறந்த பாலைக் குழந்தைகளுக்கு விற்றார்கள். 1858-இல் ஒரு பத்திரிகை அதைச் சித்திரங்களோடு அம்பலப்படுத்தியபோது ஊரே கொதித்தது. கோடை வந்தால் கைக்குழந்தைகள் பேதியில் கூட்டங்கூட்டமாக மடிந்ததற்குக் கெட்ட பாலே பெரிய காரணம். ஜாக்கோபி சொன்ன பரிகாரமோ மிக எளியது: பாலைக் காய்ச்சுங்கள், பார்லிக் கஞ்சியிலோ ஓட்ஸ் கஞ்சியிலோ அதைக் கலந்து, சிறிது சர்க்கரையும் ஒரு துளி உப்பும் சேர்த்துக் கொடுங்கள், வயிற்றுப்போக்கு இருந்தால் பார்லி, மலம் இறுகியிருந்தால் ஓட்ஸ். கஞ்சியின் மகிமை அறிந்த நம் பாட்டிமார்கள் அவரோடு வெகு நேரம் பேசியிருப்பார்கள். 1893-இல் நேதன் ஸ்ட்ராஸ் என்னும் வர்த்தகர் கிருமி நீக்கிய பாலை ஏழைகளுக்கு வழங்கும் நிலையங்களைத் திறந்தபோது, அம்முயற்சிக்குத் துணை நின்றவர்களுள் முதியவர் ஜாக்கோபியும் ஒருவர்.

கைவிடப்பட்ட சிசுக்களைப் பெரிய காப்பகங்களில் அடைத்து வைத்தால் அவை இறந்து போகின்றன, வீடுகளில் விட்டு வளர்த்தால் பிழைக்கின்றன என்று அவர் 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பகிரங்கமாகச் சொன்னார். அப்படிச் சொன்னதற்காக, தாம் பணியாற்றிய ஒரு ஸ்தாபனத்திலிருந்து விலக நேர்ந்தது. பதவியைக் காட்டிலும் கணக்கு அவருக்குப் பெரிதாயிருந்தது. இறந்த குழந்தைகளின் கணக்கு.

ஜூன் 10

மேரி பட்னம் ஜாக்கோபி 1906-இல் காலமான தினம் இது. நான் எழுத அஞ்சிய அத்தியாயமும் இதுவே.

மேரி, நியூயார்க்கின் புகழ்பெற்ற பதிப்பாளர் ஜார்ஜ் பட்னத்தின் புதல்வி. பாரிஸ் வைத்தியக் கல்லூரியின் கதவுகளைத் தட்டித் திறந்து முதன்முதலாக உள்ளே நுழைந்த பெண்மணி. மாதவிடாய்க் காலத்தில் பெண்களுக்கு ஓய்வு இன்றியமையாததன்று என்று ஆராய்ச்சியால் நிறுவி, 1876-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையின் பாய்ல்ஸ்டன் பரிசை வென்றவர். 1873-இல் ஜாக்கோபியை மணந்தார். ஜாக்கோபிக்கு இது மூன்றாவது மணம். முந்தைய மனைவியர் இருவரும் மாண்டு போயிருந்தனர், அவர்கள் வயிற்றுக் குழந்தைகளும் தங்கவில்லை. மேரியின் வயிற்றில் பிறந்தவர்களுள் எர்ன்ஸ்ட் என்ற மகனும் மார்ஜரி என்ற மகளும் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டினார்கள்.

ஜாக்கோபி 1880-இல் டிப்தீரியாவைப் பற்றி, நம்மவர் தொண்டை அடைப்பான் என்று வழங்கும் அக்கொடிய வியாதியைப் பற்றி, பெரிய கிரந்தம் ஒன்றை வெளியிட்டிருந்தார். தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சு அடைபடும் நிலையில், கழுத்தைக் கீறி மூச்சுக்குழலைத் திறக்கும் சஸ்திர சிகிச்சையை எத்தனையோ குழந்தைகளுக்குச் செய்தவர். அவர்களுள் பலர் தம் கைகளிலேயே உயிர் நீத்ததையும் மறைக்காமல் எழுதியவர். அமெரிக்காவில் அந்நோயை அவரைப் போல் அறிந்தவர் அரியர். 1883-இல் அதே நோய் அவர் வீட்டினுள் புகுந்தது. ஏழு வயது எர்ன்ஸ்ட் இறந்து போனான். தந்தையும் தாயும் வைத்தியர்கள், நகரத்தின் நிபுணர்களெல்லாம் நண்பர்கள், செய்வதற்கு ஒன்றுமில்லை. அவ்வாண்டில்தான் கிளெப்ஸ் என்னும் விஞ்ஞானி அந்நோயின் கிருமியைக் கண்டு கூறினார். மறு ஆண்டில் லோஃப்லர் அதைத் தனியே வளர்த்துக் காட்டினார். நோயின் நஞ்சை முறிக்கும் சீரத்துக்கு வழி காட்டிய பேரிங், கிட்டசாட்டோ இருவரின் ஆராய்ச்சி 1890-இல் வெளிவந்தது. ஏழே ஆண்டுகள்! விஞ்ஞானத்தின் சரித்திரத்தில் ஏழு ஆண்டுகள் ஒன்றுமில்லை. எர்ன்ஸ்டின் ஆயுளோ அவ்வளவுதான்.

நான் திரும்பத் திரும்ப எண்ணுவது இதற்குப் பின் வந்த வாழ்க்கையை. ஜாக்கோபி குழந்தை வைத்தியத்தை விடவில்லை. தம் மகனை எடுத்துக்கொண்ட நோயே பிறர் பிள்ளைகளின் தொண்டையில் படர்ந்திருக்கக் காண வேண்டிய தொழிலில் அவர் தொடர்ந்து இருந்தார். 1902 வரை கொலம்பியா வைத்தியக் கல்லூரியில் பாடம் சொன்னார். 1888-இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். ஒரு காலத்தில் தம்மைச் சிறையிலிட்ட தேசமே பெர்லின் நகரில் பேராசிரியர் பீடமளிக்க முன்வந்தபோது, வேண்டாமென்று இந்நகரத்திலேயே தங்கிவிட்டார். துக்கத்தை வென்றவர் என்று அவரை நான் சொல்ல மாட்டேன். பிள்ளையை இழந்தவர் அதை வெல்வதில்லை. துக்கத்தோடே மறு வீட்டுப் படியேறியவர் என்றுதான் சொல்வேன். என் மதிப்பில் அது மேலும் பெரியது.

மேரியின் முடிவும் அசாதாரணமானது. தம் மூளையைச் சுற்றிய சவ்வில் வளர்ந்த கட்டியின் அறிகுறிகளை, இந்நோயே தம்மைக் கொல்லும் என்று அறிந்தும், மற்ற வைத்தியர்களுக்குப் பயன்படும்படி தாமே வரிசையாக எழுதி வைத்துவிட்டுப் போனார். அவருக்குச் சில வாரங்கள் முன்பாக, ஜாக்கோபியோடு ஒரே புரட்சியிலிருந்து தப்பி வந்த ஆப்த நண்பர் கார்ல் ஷுர்ஸும் காலமாகியிருந்தார். ஒரே கோடையில் கிழவர் தனியரானார்.

ஜூன் 14

மகள் இன்று தன் மருத்துவமனைக் கதை ஒன்று சொன்னாள். புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பத்துத் தாய், கைக்குழந்தைக்கு ஊசி போட மனமின்றி வெகு நேரம் தயங்கினாளாம். "அவசரப்படுத்தலைப்பா. அவங்க ஊர்ல யாருக்காவது தொண்டை அடைப்பான் வந்து பார்த்திருக்கீங்களான்னு கேட்டேன். தங்கச்சிக்கு வந்ததாம். அவ்வளவுதான், குழந்தையை நீட்டிட்டாங்க" என்றாள். அந்த ஊசியில் அடங்கிய மூன்றுள் ஒன்று டிப்தீரியாவுக்கானது. நம் ஊர்த் தாய்மார் முத்தடுப்பு ஊசி என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்!

இந்நோயோடு பிணைந்த இன்னொரு பெயரையும் அவளே நினைவூட்டினாள். எந்தக் குழந்தைக்கு டிப்தீரியா பற்றும், எதற்குப் பற்றாது என்று தோலில் சிறு ஊசி குத்திக் கண்டறியும் சோதனையை 1913-இல் வெளியிட்ட பேலா ஷிக், ஹங்கேரியில் பிறந்து வியன்னாவில் பணிபுரிந்தவர். 1923-இல் நியூயார்க் வந்து, முன்பு ஜாக்கோபி குழந்தைகளைப் பார்த்த அதே மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் குழந்தை வைத்தியத்துக்குத் தலைமை ஏற்றார்.

ஜூலை 10

1919-ஆம் ஆண்டு இந்நாளில், லேக் ஜார்ஜ் ஏரிக்கரையிலுள்ள போல்ட்டன் லேண்டிங் என்னும் ஊரில், தம் எண்பத்தொன்பதாம் வயதில் ஜாக்கோபி மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அங்கிருந்த அவருடைய கோடை வீடு தீப்பற்றியது. உயிர் தப்பினார்; ஆனால் எழுதி வைத்திருந்த சுயசரிதக் கையெழுத்துப் பிரதி சாம்பலாயிற்று. கொலோன் சிறை, லண்டனில் மார்க்ஸின் வீடு, ஹோவர்டு தெருவின் முதல் நோயாளி, எர்ன்ஸ்ட் ஆகிய யாவும் அவர் வாய்மொழியாக அதில் இருந்திருக்கக்கூடும். அந்த நஷ்டத்தை எண்ணும்போது எனக்கு ஆறவில்லை.

ஆனால் வேறொரு புத்தகம் எரியவில்லை. சிசுக்களின் ஆகாரத்தைப் பற்றி ஜாக்கோபி எழுதியதை, சாதாரணத் தாய்மாரும் படித்தறியும்படி மேரி விரித்துத் திருத்தியமைத்து, 1874-இல், மணமான மறு ஆண்டில், இருவர் பெயராலும் வெளிவந்த சிறு நூல் அது. அதன் சாரத்தை இன்று மாலை மகளுக்குச் சொன்னேன். பசும்பாலில் கஞ்சி கலப்பதை இக்காலத்தில் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்றாள். தாய்ப்பாலுக்கே முதலிடம் என்றதையும், பாலைக் காய்ச்சச் சொன்னதையும், பாத்திரத்தின் சுத்தத்தை வற்புறுத்தியதையும் முழு மனத்தோடு ஒப்புக்கொண்டாள். பிறகு அப்புத்தகத்தைத் தன் மருத்துவமனையில் பயிற்சிக்கு வந்திருக்கும் இளைய டாக்டர்களுக்குக் காட்ட வேண்டும் என்று, நாளைக்குக் கொண்டுபோகத் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.