தன்னை இகழாமை

பெரியோரை மதித்தல் வேறு. அவரைத் தெய்வமாக்கித் தொழுதல் வேறு. முன்னது கல்வியின் பயன்; பின்னது கல்வியைப் பற்றும் நோய். அந்நோய் கொண்டவன் தன் கையிலுள்ள பொருளைத் தானே காணமாட்டான்.

புறநானூற்றின் 192-ஆம் பாட்டினது முதலடியை அறியாத தமிழர் அரியர். அதன் முடிவை எண்ணிப் பார்ப்போரோ சிலர். பேராற்று நீரின்வழிச் செல்லும் தெப்பம்போல உயிரும் ஊழின்வழிச் செல்லும் எனத் தெளிந்த கணியன் பூங்குன்றனார், ஆகவே உயர்ந்தோரைக் கண்டு மலைப்பதில்லை என்றும், எளியோரைப் பழிப்பது அதனினும் இல்லை என்றும் முடிக்கின்றார். இதனை வகுப்பிற் கற்றபோது என் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. பழிக்கலாகாத அவ்வெளியோருள் நாமும் அடங்கோமோ? பிறரை இகழ்தல் குற்றமாயின், தன்னை இகழ்தல் மட்டும் பணிவாகுமோ?

எண்ணூருக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் உப்பங்கழியும் சூழக் கிடப்பது காட்டுப்பள்ளி. சென்ற விடுமுறையில் அக்கரையில் வலை செப்பனிட்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவரோடு உரையாடும் பேறு பெற்றேன். கடலின் நடுவே ஓரிடத்தை மீண்டும் கண்டடைவது எங்ஙனம் என வினவினேன். கரையிலே தோன்றும் இரண்டு அடையாளங்களை ஒரே நேராக வைத்துக்கொள்ள வேண்டும். வேறு திசையில் மற்றும் இரண்டை அவ்வாறே வைத்துக்கொள்ள வேண்டும். இவ்விரு கோடுகளும் கூடுமிடமே அவ்விடம் என்றார். கணித நூலார் கரும்பலகையில் விளக்குவதை அவர் அலைமேல் நின்று செய்கின்றார். இவ்வளவும் கூறிவிட்டு, "நாங்க படிக்காதவங்க தம்பி, எங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். அச்சொல் என்னை வருத்திற்று.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மக்களையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தவர் இக்கடற்கரை மாந்தரே. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த அவர்தம் மசூலாப் படகுகள் அலையின் மோதலுக்கு வளைந்துகொடுத்தன. கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலேயர் தம் மொழியிலும் ஏற்றனர். 1875-இல் துறைமுக வேலை தொடங்கிற்று. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதன் சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டப்பெற்ற சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. வல்லுநர் கல்வியும் கடலின் முன் முற்றிய கல்வியன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காட்டுப்பள்ளியில் 2013 முதல் ஒரு துறைமுகம் இயங்கி வருகின்றது. அதனை விரிவாக்கும் திட்டம் குறித்து 2021-இலும் 2023-இலும் அறிவிக்கப்பெற்ற பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. அத்தகைய அவையில், "எங்களுக்கு என்ன தெரியும்?" என்று அப்பெரியவர் வாய் மூடியிருப்பாராயின், இழப்பு அவர்க்கு மட்டுமன்று, வரைபடம் கொண்டு வந்தோர்க்குமாம். மீனவர் சொல் ஒருபோதும் பிழைபடாது என்பதன்று என் கருத்து. அங்ஙனம் கொள்வதும் மற்றொரு விக்கிரகத்தை நாட்டுவதேயாம். இருவர் அறிவும் ஒரே அவையில் ஒப்ப நின்று சோதிக்கப்பட வேண்டும் என்பதே.

அப்போஸ்தலர் நடபடிகளில் கொர்நேலியு என்னும் நூற்றுக்கதிபதி பேதுருவின் காலில் விழுகின்றான். பேதுருவோ, தாமும் மனிதரே என்று கூறி அவனைத் தூக்கி நிறுத்துகின்றார். அத்துடன் அமையாது, அவன் வீட்டினுட் சென்று தாம் அறிந்ததை அச்சமின்றி எடுத்துரைக்கின்றார். தொழுகையை மறுத்த அவர் பேசுதலை மறுத்திலர். அவரும் வலை வீசிய ஒரு மீனவரே அல்லரோ!

மாணவத் தோழர்களே! உரையாசிரியர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் நாம் தலை வணங்குவோம். ஆயின் மண்டியிடல் வேண்டா. நெய்தல் திணையை ஏட்டிற் கற்கும் நம்மிடையே அந்நிலத்திற் பிறந்தோரும் உளர். அவர்கள் வகுப்பில் எழுந்து, "எங்கள் ஊரில் இது இவ்வாறு" என்று கூறத் துணிவாராயின், நம் தமிழ்க் கல்வி அன்றே வளரும்.